சுகர் பேஷன்ட்டுக்கு டைம் மேனேஜ்மென்ட் மார்க் போடுறதுக்கு முன்னாடி கேள்வித்தாள திருத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஹெல்த் பக்கத்துல சுகர் உள்ளவங்களோட நேர மேலாண்மைத் திறமைய அளந்து பாக்கணும், அத வச்சு ட்ரீட்மென்ட் பிளான் பண்ணா நல்லா இருக்கும்னு எழுதியிருந்தீங்க. அளக்குறதுக்கு நான் எதிரி இல்ல, சொல்லப்போனா ரொம்ப நாளா யாராவது இத கேக்க மாட்டாங்களான்னு இருந்தவ தான். ஆனா எத அளக்குறோம்னு யோசிக்காம ஒரு ஃபார்ம நீட்டுனா என்ன ஆகும்னு எனக்கே ஒரு அனுபவம் இருக்கு, அதனால தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டுறதுன்னா வெட்டிக்கோங்க.

எனக்கு சுகர் வந்து 16 வருஷம் ஆச்சு. முதல் 11 வருஷம் மாத்திரையில ஓடுச்சு, இப்ப 5 வருஷமா மூணு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஊசி, ராத்திரி படுக்கப் போறப்ப இன்னொரு ஊசி. வேலை பாத்தது ஸ்கூல் டீச்சரா, 31 வருஷம் கேள்வித்தாள் செட் பண்ணி பேப்பர் திருத்தி ரிடையர் ஆனவ. அதனால எந்த கேள்வித்தாள கையில குடுத்தாலும் பதில் எழுதுறதுக்கு முன்னாடி கேள்வியில என்ன ஓட்டைன்னு தான் கண்ணு போகும். பழக்கதோஷம், என்ன பண்றது.

கொஞ்ச நாள் முன்னாடி வழக்கமா காட்டுற இடத்துக்கு செக்கப்புக்கு போயிருந்தேன். வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாச்சு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். இந்த ரெண்டு மணி நேரத்த சாப்பிட்டு முடிச்சதுலேர்ந்து எண்ணக்கூடாது, முதல் வாய் வச்ச நிமிஷத்துலேர்ந்து எண்ணணும், இது நெறைய பேருக்கு தெரியாது. அங்க இருந்த நர்ஸ் விவரமான பொண்ணு, எப்ப சாப்பிட ஆரம்பிச்சீங்கம்மான்னு கேட்டு 8.10ன்னு சீட்டுல எழுதிக்கிச்சு. நானும் ஸ்கூல் பெல் அடிச்ச மாதிரி 10 மணிக்கே லேப் வாசல்ல போய் உக்காந்துட்டேன். 10.10 ஆச்சு, ஆளக் காணோம். சும்மா உக்காந்திருக்கீங்களே இத ஃபில்லப் பண்ணுங்கன்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, மேல தலைப்பு நீரிழிவு நோயாளிகளின் நேர மேலாண்மை. 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லைன்னு அஞ்சு கட்டம். நான் 14வது கேள்விக்கு வரும்போது மணி 10.50, அப்ப தான் ரத்தம் எடுக்குறவர் வந்தாரு. அந்த 14வது கேள்வி என்ன தெரியுமா, பரிசோதனைகளைக் குறித்த நேரத்தில் செய்துகொள்கிறேன். எந்த கட்டத்துல டிக் அடிக்கட்டும் நீங்களே சொல்லுங்க. நான் குறிச்ச நேரத்துக்கு வந்து உக்காந்துட்டேன், டெஸ்ட் 40 நிமிஷம் லேட்டு. மார்க் யாருக்கு கொறையும், எனக்கு தானே.

வீட்டுக்கு வந்தும் அந்த ஃபார்ம் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. மூணாவது கேள்விய பாருங்க, மருந்தையும் உணவையும் சரியான நேரத்தில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியில ரெண்டு விஷயம். மருந்து டைமுக்கு போட்டு சாப்பாடு லேட்டானவ என்ன பதில் சொல்லுவா? அதுவும் சுகர்ல இந்த ரெண்டும் தனித்தனியா கரெக்ட்டா இருந்து பிரயோஜனம் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி தான் விஷயமே. பழைய ரெகுலர் இன்சுலின்னா சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி போடணும், இப்ப வர்ற சீக்கிரம் வேலை செய்யுற இன்சுலின்னா ஒரு 15 நிமிஷம் முன்னாடி இல்ல சாப்பிட உக்காரும்போது. மாத்திரையிலயும் அப்படி தான், மெட்ஃபார்மின் சாப்பாட்டோட போகும், கிளிமிபிரைடு அன்னைக்கு முதல் பெரிய சாப்பாட்டோட, அகார்போஸ் முதல் வாயோடயே. ராத்திரி போடுற நீண்ட நேர இன்சுலினுக்கு சாப்பாட்டோட சம்பந்தமே இல்ல, தினம் ஒரே நேரத்துல போட்டா போதும். ஆக சரியான நேரம்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஒவ்வொரு மருந்துக்கும் அதோட கடிகாரம் தனி. 8 மணிக்கு ஊசி, 8.15க்கு சாப்பாடுன்னு இருக்குறவளும் 10 மணிக்கு ஊசி, 10.15க்கு சாப்பாடுன்னு இருக்குறவளும் உடம்பு கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணு தான். 8 மணிக்கு ஊசிய போட்டுட்டு 9 மணிக்கு சாப்பிடுறவ தான் மயங்கி விழுவா. ஆனா ஃபார்ம் கணக்குல டைமுக்கு ஊசி போட்டவ அவ தான், அவளுக்கு தான் மார்க் ஜாஸ்தி!

இந்த மாதிரி கேள்வியெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு ஆராய்ச்சி பண்ற என் பையன்கிட்ட கேட்டேன். டைம் மேனேஜ்மென்ட் அளக்குறதுக்குன்னு ரொம்ப பேர் எடுத்துக்குற கேள்வித்தாள்கள்ல சிலது 1990ல மேகன், 1991ல பிரிட்டன், டெஸ்ஸர்னு சைக்காலஜிக்காரங்க செஞ்சது, அது காலேஜ் பசங்கள வச்சு செஞ்சதுன்னு சொன்னான். பிரிட்டன், டெஸ்ஸர் ரெண்டு பேரும் அத வச்சு பசங்களோட மார்க்க கூட கணிக்க முடியுதான்னு பாத்திருக்காங்க. அன்னன்னைக்கு செய்ய வேண்டியத லிஸ்ட் போடுறியா, நாள ஆரம்பிக்கும் முன்ன பிளான் பண்றியா, இந்த ரகம். பரீட்சைக்கு படிக்கிற பையனுக்கு அது பொருந்தும், ஏன்னா பரீட்சை தேதி மாறாது, பாடமும் மாறாது. சுகர் அப்படியா? நேத்து இதே நேரம், இதே சாப்பாடு, இதே யூனிட் இன்சுலின் போட்டேன், 140 காட்டுச்சு, இன்னைக்கு 230. தூக்கம் கெட்டா ஏறும், காய்ச்சல் வந்தா ஏறும், கவலைப்பட்டா ஏறும், நேத்து சாயங்காலம் அதிகமா நடந்திருந்தா இன்னைக்கு காலைல இறங்கும். விடியக்காலைல ஒண்ணும் சாப்பிடாமலே ஏறும், ஹார்மோன் பண்ற வேலை. இந்த வியாதியில லிஸ்ட் போடுறது சின்ன விஷயம், போட்ட லிஸ்ட் மத்தியானத்துக்குள்ள கெட்டுப்போனா அடுத்து என்ன பண்றதுன்னு தெரியுறது தான் பெரிய விஷயம். அந்த 20 கேள்வியில ஒண்ணு கூட அத கேக்கல.

காத்திருக்குறதும் ஒரு திறமைன்னு இந்த ஃபார்ம் எழுதுனவங்களுக்கு தோணவே இல்ல பாருங்க. எனக்கு அது தான் ரொம்ப கஷ்டம். சுகர் 70க்கு கீழ போயிடுச்சுன்னா 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கோ, 15 நிமிஷம் பொறு, மறுபடி செக் பண்ணு, இது பாடம். பேப்பர்ல படிக்க சுலபமா இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் எனக்கு 52 காட்டுச்சு, கை நடுங்குது, மேல் உதட்டுல வேர்வை, கண்ணு முன்னாடி சுவத்துல கடிகாரம், நொடி முள்ளு நகருது ஆனா நிமிஷ முள்ளு நகரவே மாட்டேங்குது, குளுக்கோஸ் பவுடர கலக்கி குடிச்சாச்சு, ஒரு மணி நேரம் ஆன மாதிரி இருக்கு, பாத்தா 4 நிமிஷம் தான் ஆயிருக்கு. மூளைக்கு சர்க்கரை போகாதப்போ நேரத்தோட அளவே மாறிப்போகுது சார், அனுபவிச்சவங்களுக்கு தெரியும். நான் பொறுக்கல. இன்னொரு டம்ளர் கலக்கி குடிச்சேன், அதுக்கு மேல கையில கிடைச்சதெல்லாம் சாப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 290. உடனே பதறிப்போய் ஊசி போட்டேன், ஒரு மணி நேரம் கழிச்சும் பெருசா இறங்கலன்னு இன்னொண்ணு போட்டேன். அந்த இன்சுலின் வேலைய முடிக்கவே நாலு மணி நேரம் கிட்ட ஆகும், முதல் ஊசி உள்ள ஓடிட்டு இருக்கும்போதே அதுக்கு மேல ரெண்டாவத அடுக்கிட்டேன். நடு ராத்திரி மறுபடி 60. அன்னைக்கு நான் செஞ்ச தப்பு எல்லாமே நேரம் சம்பந்தப்பட்டது தான், ஆனா ஒரு தப்புல கூட நான் லேட் இல்ல. எல்லாத்துலயும் சீக்கிரம்! இத எந்த கட்டத்துல டிக் அடிப்பீங்க?

அப்புறம் இன்னொரு கேள்வி இருந்துச்சு, நினைவூட்ட அலாரம் பயன்படுத்துகிறேன். வச்சிருக்கேனே, ராத்திரி 9.30க்கு டெய்லி அடிக்குது. அடிக்கும்போது கையில மாவோ சோப்போ இருக்கும், இல்ல யாராவது ஃபோன்ல இருப்பாங்க, இதோன்னு அமுக்கிடுவேன். 10 மணிக்கு படுக்கப் போறப்ப வரும் பாருங்க ஒரு சந்தேகம், போட்டேனா போடலையா? இன்சுலின் ஊசி பேனாவ எடுத்து பாத்தா தெரியாது, வயித்த தடவிப் பாத்தாலும் தெரியாது. போட்டுட்டோம்னு நெனச்சு விட்டா காலைல 300, போடலன்னு நெனச்சு ரெண்டாவது தடவ போட்டா ராத்திரி தூக்கத்துலயே சுகர் இறங்கிப் போகும். இதுக்கு எனக்கு எந்த ஃபோன் ஆப்பும் உதவல. ஊசி போட்ட உடனே பேனாவ மேசையோட இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கத்துக்கு மாத்தி வைப்பேன், காலைல எழுந்ததும் திருப்பி இடது பக்கம். மூணு வருஷமா இது தான் என் சிஸ்டம், ஒரு நாள் வீட்ட சுத்தம் பண்ண வந்த மருமக எடுத்து நடுவுல வச்சிட்டா, அன்னைக்கு மட்டும் தான் குழப்பம். சைக்காலஜியில இத ரெண்டா பிரிப்பாங்களாம், மணி பாத்து ஞாபகம் வச்சு செய்யுறது ஒண்ணு, ஒரு சம்பவத்தோட முடிச்சுப் போட்டு செய்யுறது இன்னொண்ணு. பல்லு வெளக்குனதும் மாத்திரைன்னு முடிச்சு போட்டவங்களுக்கு கடிகாரமே வேணாம், வயசானவங்களுக்கு இது தான் சுலபமா வருது. அலாரம் கேள்வியில அவங்க ஒருபோதும் இல்லைன்னு டிக் அடிப்பாங்க, மார்க் பூஜ்யம், ஆனா ஒரு நாள் கூட மாத்திரைய விட்டிருக்க மாட்டாங்க.

சுகர்காரங்களுக்குன்னே செஞ்ச நல்ல கேள்வித்தாளும் இருக்கு, இல்லன்னு சொல்லல. 2000ல வந்த ஒண்ணு கடந்த 7 நாள்ல எத்தன நாள் மருந்து எடுத்த, எத்தன நாள் நடந்த, எத்தன நாள் பாதத்த செக் பண்ணன்னு நேரா கேக்கும், எனக்கு அது பிடிச்சிருக்கு, எப்போதும் அடிக்கடின்னு வழவழான்னு இல்லாம எண்ணிக்கைய கேக்குது. ஆனா அது நாள எண்ணுது, நேரத்த எண்ணல. ஒரு நாள் காலைல 7 மணிக்கும் மறுநாள் மத்தியானம் 2 மணிக்கும் மாத்திரை போட்டவளுக்கும் அதுல 7க்கு 7.

சரி, வாயால கேட்டா பொய் சொல்லுவாங்க, மெஷின வச்சு அளந்துடலாம்னு சிலர் சொல்லலாம். பொய் சொல்லுவாங்க தான், அதுல சந்தேகமே வேணாம். 1984லயே அமெரிக்காவுல ஒரு ஆய்வு நடந்துச்சு, பேஷன்ட்டுக்கு குடுத்த சுகர் மீட்டருக்குள்ள மெமரி இருக்குன்னு சொல்லாமலே குடுத்திருக்காங்க, அப்புறம் அவங்க நோட்டுல எழுதுன நம்பரையும் மெஷின்ல இருந்த நம்பரையும் ஒத்துப் பாத்தா நெறைய பேர் எடுக்காத ரீடிங்க எழுதியிருக்காங்க, அதிகமா வந்தத கொறச்சு எழுதியிருக்காங்க. எனக்கு ஆச்சரியமே இல்ல. மறுநாள் நோட்டு காட்டணும்னா முந்தின ராத்திரி ஒரு வாரத்து ஹோம்வொர்க்க நாலு கலர் பேனாவுல எழுதிட்டு வர்ற பசங்கள நான் 31 வருஷம் பாத்தவ. நானே செக்கப்புக்கு போறதுக்கு பத்து நாள் முன்னாடிலேர்ந்து ரொம்ப ஒழுக்கமா இருப்பேன், ஹெச்பிஏ1சின்னு ஒரு ரத்த டெஸ்ட், அது அப்படியெல்லாம் ஏமாறாது, அது ரெண்டு மூணு மாசத்து கணக்க சொல்லிடும்னு தெரிஞ்சும். திட்டுவாங்கன்னா பொய் தான் வரும், திட்ட மாட்டாங்கன்னு நம்பிக்கை வந்தா உண்மை வரும்.

இப்ப மூடிய திறந்த நேரத்த பதிவு பண்ற மாத்திரை பாட்டில் இருக்கு, எத்தன மணிக்கு எத்தன யூனிட் போட்டோம்னு ஞாபகம் வச்சுக்குற இன்சுலின் பேனா இருக்கு, தோள்ல ஒட்டுற சென்சார் இருக்கு. அந்த சென்சார்ல பல வகை 5 நிமிஷத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 288 தடவ அளந்துடும். அத வச்சு டாக்டருங்க இப்ப பாக்குற கணக்கு எனக்கு ரொம்ப பிடிச்சது, ஒரு நாள்ல எவ்ளோ நேரம் சுகர் 70லேர்ந்து 180க்குள்ள இருந்துச்சுன்னு பாக்குறாங்க, பொதுவா 70 சதவீதத்துக்கு மேல இருந்தா நல்லதுன்னு 2019ல நிபுணர்கள் சேர்ந்து சொன்னாங்க. 24 மணி நேரத்துல அது கிட்டத்தட்ட 17 மணி நேரம். மிச்சம் 7 மணி நேரம் வெளிய போனா போகட்டும்னு அர்த்தம், ஆனா 70க்கு கீழ ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. 35 மார்க் எடுத்தா பாஸ்னு சொல்ற மாதிரி மனசுக்கு எவ்ளோ லேசா இருக்கு. ஆனா ஒண்ண கவனிங்க, இது ரிசல்ட்டு, திறமை இல்ல. நல்லா திறமையா நேரம் பாத்து நடந்துகிட்டவளுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தா சுகர் ஏறும். மெஷின் எப்ப போட்டாங்கன்னு சொல்லும், ஏன் அப்ப போட்டாங்கன்னு சொல்லாது.

அந்த ஏன்ல தான் என் முக்கியமான கோபம் இருக்கு. திறமை இல்லாததும் நேரமே இல்லாததும் ஒண்ணா? 2005ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல கணக்குப் போட்டிருந்தாங்க, மாத்திரை மட்டும் சாப்பிடுற, ஏற்கனவே பழகுன பேஷன்ட்டே டாக்டர் சொல்றத எல்லாம் செய்யணும்னா ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல ஆகும்னு. நடை, சமையல், சுகர் பாக்குறது, பாதத்தப் பாக்குறது, மருந்து வாங்குறது எல்லாம் சேர்த்து. எனக்கு ரிடையர்மென்ட், 2 மணி நேரம் கிடைக்கும். ஷிப்ட்டுல வேலை பாக்குறவங்களுக்கு? இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி, காலை ஊசின்னா அவங்களுக்கு எது காலை? கைக்குழந்தையையும் படுத்த படுக்கையா இருக்குற மாமியாரையும் பாத்துக்குற பொண்ணுக்கு? எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் தான் உக்காருவேன்னு இருக்குறவளுக்கு சாப்பாட்டு நேரம் அவ கையிலயே இல்ல, அவகிட்ட போய் உணவு நேரத்தை முன்கூட்டியே திட்டமிடுகிறேன்னா என்ன அர்த்தம். நானே வேலைல இருந்தப்ப மூணாவது பீரியட் முடிஞ்சு பெல் அடிச்சா தான் சாப்பிட முடியும், பெல்லு என் கையிலயா இருந்துச்சு? இவங்களுக்கெல்லாம் மார்க் கொறைஞ்சா அடுத்து என்ன எழுதுவாங்க, டைம் மேனேஜ்மென்ட் போதாது, கவுன்சிலிங் தேவை. தேவை கவுன்சிலிங் இல்ல சார், ஷிப்ட்ட மாத்தி குடுக்குறது, இல்ல அவ நேரத்துக்கு ஒத்துப்போற மருந்தா மாத்தி எழுதுறது.

அதனால குறை மட்டும் சொல்லாம நானே நாலு கேள்வி செட் பண்ணேன், பழக்கம் விடல. ஊசி போட்டாச்சு, சாப்பாடு வர இன்னும் அரைமணி ஆகும்னு சொல்றாங்க, என்ன பண்ணுவீங்க? ராத்திரி ஊசி விட்டுப்போனது காலைல எழுந்ததும் தான் ஞாபகம் வருது, அப்ப என்ன பண்ணணும்னு உங்க டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காரா? கடைசியா மருந்து நேரம் தவறுனது என்னைக்கு, அன்னைக்கு என்ன நடந்துச்சு, கதையா சொல்லுங்க. ஒரு நாள்ல உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கக் கூடிய நேரம் எவ்ளோ, மத்தவங்க கையில இருக்குற நேரம் எவ்ளோ? இதுக்கு அஞ்சு கட்டம் போட முடியாது, உக்காந்து கேட்டு எழுதிக்கணும், திருத்துறது கஷ்டம், ஒத்துக்கிறேன். கட்டுரை கேள்வி திருத்துறது எப்பவும் கஷ்டம் தான். ரெண்டாவது கேள்வியில பேஷன்ட் முழிச்சா மார்க் பேஷன்ட்டுக்கு கொறைக்கணுமா டாக்டருக்கு கொறைக்கணுமான்னும் பாத்துக்கோங்க. இன்னொண்ணு, ஃபார்ம் குடுக்குறதுக்கு முன்னாடி விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பாத்துடுங்க. சுகர் இறங்கியிருக்கும்போது யோசனை மந்தமாகும், சுகர் சரியான அப்புறமும் மூளை தெளிய அரைமணி நேரம் கூட ஆகலாம். வெறும் வயித்துல வந்து உக்காந்திருக்குறவங்க கையில 20 கேள்விய குடுத்து அவங்க திறமைய அளக்குறது எந்த ஊர் நியாயம்.

அந்த ஃபார்ம் விஷயம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. 14வது கேள்விக்கு எந்த கட்டத்துலயும் டிக் அடிக்கல, ஓரத்துல சாப்பிட்டது 8.10, ரத்தம் எடுத்தது 10.50ன்னு எழுதிக் குடுத்துட்டேன். ரிப்போர்ட்ல சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குப் பின்னு அச்சடிச்சு 168ன்னு வந்துச்சு. டாக்டர் பாத்துட்டு பரவாயில்லையே, இதே டோஸ் போகட்டும்னாரு. சார் இது 2 மணி 40 நிமிஷத்துல எடுத்ததுன்னு சொன்னேன். அவர் பேனாவ கீழ வச்சிட்டு என்ன நிமிர்ந்து பாத்தாரு, நல்ல மனுஷன், கோவப்படல, வேற ஒரு நாள் கரெக்ட்டா எடுக்கச் சொன்னாரு. அன்னைக்கு கரெக்ட்டா ரெண்டு மணி நேரத்துல எடுத்தாங்க, 214. யூனிட்ட ஏத்தல, சாப்பிட உக்காரும்போது போட்டுட்டு இருந்த ஊசிய 15 நிமிஷம் முன்னாடி போடச் சொன்னாரு, ஊசி போட்டுட்டு சாப்பாடு தள்ளிப்போகாம பாத்துக்கோங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மூணு வாரமா அப்படி தான் போடுறேன், இப்ப 170, 175ல நிக்குது. ஃபார்ம்ல எனக்கு எத்தன மார்க் வந்துச்சுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, உங்கள் நீண்ட நாள் வாசகி